இடது கால்

கூட்டு வேட்டை வீடியோ கேமே கதியென்று இருபது வருடமாகக் கிடக்கும் நவநீதனுக்கு, அதைப் பற்றி மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லித்தான் பழக்கம்.

"பழசெல்லாம் வெறும் பொம்மைடா," என்று ஹெட்செட்டில் மூன்று கூட்டாளிகளிடமும் சொன்னான். "போன மாசம் வந்த இந்த மிருகம்தான் அடிச்சா நெசமாவே நொண்டுது. இடது கால்லயே போடுங்க."

அடி தாங்காமல் மிருகம் குகைக்குள் நொண்டிப் போய்ப் படுத்தது. அதைத் தூங்கவிட்டு, நால்வரும் ஒரே நேரத்தில் அடிப்பதுதான் வேட்டைக்காரர்களின் வழக்கம். அடித்தார்கள். மிருகம் அலறியது.

அதே நொடியில் பக்கத்து அறையிலும் ஓர் அலறல் கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வசுமதி வந்தாள். போன மாதம் சேர்ந்த வேலையை, வீட்டிலிருந்தே பார்ப்பது என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பிலிருந்து ஒயர்கள் தொங்கின. சுவரைப் பிடித்தபடி இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

நவநீதன் ஹெட்செட்டைக் கழற்றினான்.

"ஷிப்டு முடிஞ்சுது. தோசை ஊத்தட்டுமா?" என்றவள் நாற்காலியில் சரிந்தாள். "இன்னிக்கு நாலு பேர் வந்தானுங்க, தம்பி. கொஞ்சம் கண்ணை மூடினதும் சேந்து அடிச்சானுங்க. அதுல ஒருத்தன், இந்தக் காலை விட்டு வேற எங்கயுமே அடிக்கல."