முன் சீட்

“முன் சீட்டுக்கு அப்படி அலைஞ்சுதாம் அந்தச் சமையல்காரம்மா. இப்ப முழங்காலுக்குக் கீழே ஒண்ணும் இல்லை.”

“ஆமாக்கா. பாவம், அந்த மருந்துக்கடை அண்ணனை நச்சரிச்சு எழுப்பி விட்டுட்டு உட்கார்ந்துச்சாம். ஆசை யாரை விட்டுது?”

சபைக் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். தூணுக்கு இந்தப் பக்கம் நின்ற மருந்துக்கடைக்காரரின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது.

மறுநாள் காலை நன்றி ஆராதனை. மலை ஊர்களுக்கு மருந்தும் ஜெபமுமாக ஊழியத்துக்குப் போன வண்டியில், டிரைவரையும் சேர்த்து ஒன்பது பேர். லாரி மோதியும் ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். சமையல்கார அக்காவுக்கு மட்டும் இடது கால் போயிற்று.

போதகர் வந்து மருந்துக்கடைக்காரரின் தோளில் கை வைத்தார்.

“பிரதர், நாளைக்கு உங்க சாட்சி மூணாவது. நாலே நிமிஷம். அந்தக் குரலைப் பத்தி மறக்காம சொல்லிடுங்க.”

அந்தக் குரல் வளர்ந்த கதை அவருக்குத்தான் தெரியும்.

முதல் நாள், “நான் எழுந்து பின் சீட்டுக்குப் போயிட்டேன்” என்று மட்டும்தான் சொன்னார். “ஆண்டவர்தான் உங்களை எழுப்பியிருக்கார்” என்றார் போதகர். இவர் தலையாட்டினார். மூன்றாவதாக ஒருவர் வந்து விசாரித்தபோது, “எழுந்திருன்னு ஒரு குரல் கேட்டுது” என்று இவர் வாயே சொல்லிவிட்டது.

நடந்தது வேறு.

டீ குடிக்க வண்டி நின்றது. ஏழு பேர் கடைக்குள்ளே போனார்கள். வண்டியருகில் இவரும் அக்காவும்தான்.

“அக்கா, முன்னாடி வெயில் மூஞ்சியில அடிக்குது. தலை வெடிக்குது. இடம் மாத்திக்கலாமா?”

“எனக்குப் பாத்திரங்களோட பின்னாடி உருள்றதுதான் சுகம் தம்பி. சரி, போங்க. ஒரு நாளைக்கு நானும் மகாராணி மாதிரி வரேன்.”

அங்கிருந்து பதினோராவது கிலோமீட்டரில் லாரி வந்தது.

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு வரை. இந்த ஏழு நாளில் மூன்று தடவை வாசல் வரை வந்து திரும்பிப் போனவர், அன்று உள்ளே நுழைந்தார்.

கடைசிக்கு முந்தின கட்டில். அக்காதான் முதலில் பார்த்தார்.

“வாங்க தம்பி. தலைவலி தேவலையா?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார மனம் வரவில்லை.

“அக்கா... உங்க கால்...”

“அதான் போயிடுச்சே. இந்தக் கனத்த உடம்பை இனிமே ஒத்தைக் கால் எப்படித் தாங்கும்னுதான் யோசனை. அது அவர் பாடு.” அக்கா விரலால் மேலே காட்டினார்.

“என்னை எழுப்பினது ஆண்டவர் இல்லைக்கா. வெயில்.”

“வெயில் மட்டும் யாரோடதாம்?”

அக்கா சிரித்தார். அவரால் சிரிக்க முடியவில்லை.

“இல்லைக்கா. நாளைக்கு எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லப் போறேன். என் தலைவலிக்காக உங்களை அங்கே உட்கார வெச்சேன். அதை மறைச்சுக் குரல் கேட்டுதுன்னு புளுகினேன். சொல்லிட்டு ஊழியத்தை விட்டே விலகிடறேன்.”

அக்காவின் சிரிப்பு நின்றது.

“விலகிடுங்க. அடுத்த மாசம் அந்த மலையில நாப்பத்திரண்டு பேர் மாத்திரைக்கு வழி பார்த்து உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

அவர் தலை குனிந்தார்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன். ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிட்டுப் போறப்ப, என் உயிரைப் பத்தி எனக்குப் பயமே இல்லை. அதை அவர் கையில கொடுத்துட்டேன். நான் திரும்பி வராமப் போயிட்டா, நீங்க ஆயுசுக்கும் உங்களையே தின்னுக்கிட்டுக் கிடப்பீங்களேன்னுதான் பயம்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க, காலையில் தூணருகே கேட்டது நெஞ்சில் குத்தியது.

“நீங்க இப்படி நினைக்கிறீங்க. அங்கே என்ன பேசறாங்க தெரியுமா? நீங்கதான் முன் சீட்டுக்கு அலைஞ்சு, என்னை எழுப்பி விட்டீங்களாம். காலும் போய், பேரும் போகணுமா?”

அக்கா போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

“எந்தப் புண்ணியவான் கிளப்பி விட்டானோ தெரியலை. விட மாட்டேன்கா. நாளைக்கு அந்த ஆளைச் சபை நடுவுல நிக்க வெச்சுக் கேட்கத்தான் போறேன்.”

“தாராளமா கேளுங்க தம்பி,” என்றார் அக்கா மெதுவாக. “ஆனா ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. அந்த ஆளால நிக்க முடியாது.”