கஸ்பார் வண்டியின் சேஸிஸ்

இரும்பு துருப்பிடிப்பதில்லை, அதை வைத்திருப்பவனின் மனம்தான் துருப்பிடிக்கிறது என்று மீன் வண்டிச் சங்கத் தலைவர் கஸ்பார் முழங்கினார். அவருடைய பழைய பிக்கப்பைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸில், ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகி, கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

"மாத்தாம ஓட்டாதீய அண்ணாச்சி" என்றார் மெக்கானிக் கொம்பையா. சரியென்று தலையாட்டி வண்டியைப் பட்டறையில் விட்டுவந்த பிறகுதான் கஸ்பாருக்கு உறைத்தது. மாற்றி முடிப்பதற்குள் திருவிழா வந்துவிடும். மாதா சொரூபத்தைச் சுமக்கும் பெருமை, சங்கத்தில் அவருக்குப் போட்டியான லூர்துவின் புது வண்டிக்குப் போய்விடும்.

மறுநாள், வண்டி உறுதியாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க அவர் கூப்பிட, சங்கமே பட்டறைக்குத் திரண்டது. கொம்பையா டீ குடிக்கப் போயிருந்தார். வண்டியின் கீழ்ப்பாதியைச் சுற்றித் தார்ப்பாய் தொங்கியது.

"ஏறுங்கவே எல்லாரும்! ஏறிக் குதிங்க!" என்றார் கஸ்பார்.

கனத்த ஆட்களாக ஏறிக் குதித்தார்கள். வண்டி அசையவில்லை. லூர்துவையும் கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

"நல்லா மிதியும்வே, வயித்தெரிச்சல் தீர மிதியும்!"

அவரும் மூச்சு வாங்க மிதித்துப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை.

"பாறை மாதிரில்லா நிக்கு!" என்று லூர்துவே ஒப்புக்கொண்டார்.

சேஸிஸை மாற்றத் தேவையில்லை, மாதா கஸ்பார் வண்டியில்தான் வருவாள் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. சரவெடி வெடித்தது. தோளில் விழுந்த மாலையோடு கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு வந்த கொம்பையா தார்ப்பாயை விலக்கினார். வண்டியின் பாடி மட்டும் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சேஸிஸை அவர் காலையிலேயே கழற்றிப் பட்டறைக்குப் பின்னால் போட்டிருந்தார்.