துலாபாரத் தட்டு

எனக்காக அம்மா நேர்ந்துகொண்ட துலாபாரம் அது. கொஞ்சம் மெலிந்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். மெலிந்தது என்னவோ அம்மாதான்; பிறகு அவளும் இல்லை. தனியாகத்தான் கோயிலுக்குப் போனேன். கூச்சத்தில் பெல்ட்டையும் கடிகாரத்தையும் கழற்றினேன்.

"எதுக்கு சார் கழட்றீங்க? நல்லா கனமா உக்காருங்க," என்றார் வெல்லம் அடுக்குபவர். "உங்க எடைக்கு எடை வெல்லம். நாளைக்கு எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல்."

வரிசையில் நின்ற பெண் என் தொந்தியைப் பார்த்துவிட்டு, "அப்ப குடும்பத்தோட வந்துடறோம்ணே," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மற்றவர்களுக்குக் கையைப் பிடித்துக்கொள்ள வீட்டார் இருந்தார்கள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். எதிர்த்தட்டில் வெல்லம் ஏற ஏற, என் தட்டு மெல்ல எழும்பியது. கால்கள் தரையை விட்டன. விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை யாரும் தூக்கியதில்லை.

"சரியா இருக்கு சார். எறங்கலாம்."

"இன்னும் கொஞ்சம் வைங்களேன்," என்றேன்.