ஓரத்திலிருந்து வந்த கை

எடிட்டிங் அறையில் பெரியப்பா இருக்கிறார், படமெடுத்த தம்பி மகள் இருக்கிறாள், எடிட்டர் இருக்கிறார். திரையில், இறந்துபோன தம்பி இருக்கிறார். ஜன்னலைக் கறுப்புத் துணி மூடியிருக்க, பெரியப்பாவின் கஞ்சி போட்ட காலரில் திரையின் நீல வெளிச்சம் மட்டும் படிகிறது. நோய்ப்படுக்கையில் தம்பி "தண்ணி" என்கிறார். கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. காட்சி முடிகிறது. பெரியப்பா அவள் பக்கம் திரும்புகிறார். "சொந்தக்காரங்களுக்குப் போட்டுக் காட்டினதிலிருந்து எல்லாரும் காறித் துப்பறாங்க. நாளைக்கு ஊரே பார்க்கப் போகுது. மத்த டாக்குமெண்டரியில எல்லாம் பின்னாடி ஒரு குரல் விளக்கம் சொல்லுமே, அப்படி ஒண்ணு போடு. நானே பேசறேன்." "என் படத்துல குரல் கிடையாது, கேள்வி கிடையாது, எடுக்கிறவ தெரியவே கூடாது பெரியப்பா." "தெரியாமத்தான் குடும்பமே சந்தி சிரிக்குதா?" எடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே காட்சியை, அவள் வெட்டுவதற்கு முன்பிருந்தபடி ஓடவிடுகிறார். தம்பி தண்ணீர் கேட்கிறார். ஓரத்திலிருந்து ஒரு கை கரண்டியோடு நீள்கிறது. மணிக்கட்டில் அவளுடைய கறுப்பு வளையல். தாடையில் வழிந்ததைப் புறங்கை துடைக்கிறது. யாருக்கும் வளையாத பெரியப்பாவின் முதுகு முன்னால் சாய்கிறது. "இதைத் திரும்பச் சேர்த்துடும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்." "இந்தக் கை வந்தா அப்பாவை யாரும் பார்க்க மாட்டாங்க. என்னைத்தான் பார்ப்பாங்க." அவள் விரல் விசைப்பலகைக்கு மேலே நிற்கிறது, இறங்கவில்லை. அப்பனைத் தாகத்தோடு சாகவிட்டுப் படமெடுத்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். தண்ணீர் கொடுத்தாள், கொடுத்த கையைத்தான் வெட்டினாள்.