ஒரு பல் தாவிய செயின்

கிட்ட வந்து உட்காருங்க. கடைசியில ஒரு சத்தம் வரும், அது எல்லார் காதுலயும் விழணும்.

பட்டறையில் ஒரு கிழ மோட்டார் சைக்கிள் பத்து உதை உதைத்தும் கிளம்பாமல் நின்றது. சுத்தியல் ஓடி வந்தது.

"வால்வு பிஸ்டன்ல முட்டி வளைஞ்சிருக்கும். உடைச்சுப் பழைய இரும்புக்குப் போடுங்கப்பா!"

"எனக்கு எங்கேயும் வலிக்கலையே அண்ணே," என்று நடுங்கியது வண்டி.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி இறங்கி வந்தது. "உடைக்கிறதுக்கு முன்னால ஒரு தரம் பார்த்துடலாமே." வண்டி தன் தீப்பொறி பிளக்கைக் கழற்றியதும் அந்த ஓட்டைக்குள் இறங்கி, பிஸ்டன் தலைமேல் நின்றது. "உதைக்காதே தாத்தா, இன்ஜினை மட்டும் மெல்லச் சுத்து."

வண்டி மெல்லச் சுற்றியது. ஈர்க்குச்சி மேலே மேலே ஏறி உச்சியில் நின்றது.

"இப்போ வால்வைத் திறக்கிற கேம் சக்கரத்துல போட்டிருக்கிற அடையாளக் கோடு நேரா நிக்கணும். நிக்குதா?"

"ஒரு பல் தள்ளி நிக்குது," என்று முனகியது உள்ளே அந்தச் சக்கரத்தைச் சுற்றும் செயின். "நேத்து பள்ளத்துல விழுந்தப்போ தாவிட்டேன். திட்டுவீங்கன்னு வாயைத் திறக்கல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செயின் நகர்ந்து சரியான பல்லில் உட்கார்ந்தது. வண்டி இன்னும் இரண்டு சுற்று மெல்லச் சுற்றிப் பார்த்தது. எதுவும் முட்டவில்லை. ஈர்க்குச்சி வெளியே வந்தது, பிளக் உள்ளே போனது, ஒரே உதை! டுப் டுப் டுப் டுப் என்று பட்டறைத் தகரமே குலுங்கியது.

சுத்தியலும் குதித்து ஆடியது. ஆடிய ஆட்டத்தில் அதன் தலை ஒரு பக்கமும் காம்பு ஒரு பக்கமுமாக லொடலொடத்தது.

"தம்பி, என்னைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதே!"

ஈர்க்குச்சி தன் வால் நுனியைக் கொஞ்சம் ஒடித்து, தலைக்கும் காம்புக்கும் நடுவே இருந்த இடுக்கில் இறுக்கமாகச் செருகிவிட்டது.