தலைமையாசிரியரின் சிறுநீர்ப் பரிசோதனை

நன்னடத்தை அலுவலகக் கழிப்பறையின் கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே, கையில் பிளாஸ்டிக் குப்பியுடன் முன்னாள் தலைமையாசிரியர் சுவரைப் பார்த்து நிற்கிறார். குடித்துவிட்டுக் கார் ஓட்டிப்போய் ஒருவரின் காலை முறித்த அவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டிருக்கிறது நீதிமன்றம். குடிப்பதில்லை என்று காட்டச் சிறுநீர் மாதிரி தராவிட்டால் சிறைதான். நன்னடத்தை அலுவலர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. வாசலில் நிற்கும் அலுவலர் எந்த விதியையும் இவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்ததில்லை. குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. ஆண்டுவிழா மேடைகளில் ஒழுக்கத்தை மணிக்கணக்கில் பொழிந்த மனிதரிடமிருந்து ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர்ச் சத்தத்தில் வந்துவிடும்; மற்றவர்களுக்கு அலுவலர் அப்படித்தான் உதவுவார். இன்று அவர் கை அசையவில்லை. ஏழாம் வகுப்பில், அவசரமாய்ச் சுண்டுவிரலைத் தூக்கிய இதே அலுவலரை "அடக்கக் கத்துக்கோடா" என்று நிற்க வைத்தவர் இவர். கால்சட்டை நனைந்தது, வகுப்பே சிரித்தது, இவரும்தான். இப்போது அந்தப் பிடரியில் வியர்வை இறங்குகிறது. "கதவையாவது சாத்துங்க தம்பி. என்கிட்டப் படிச்சவன் ஒருத்தன் இங்க இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?" அலுவலர் நிலைக்கதவில் சாவகாசமாய்ச் சாய்ந்துகொள்கிறார். "ஒருத்தன் இருக்கான் சார். அவன்தான் சாத்த மாட்டேங்கிறான்."