பத்தரை வண்டி

எஸ்டேட்காரர் தன் ஆசைக்காகப் பழுதுபார்த்து ஓடவிட்ட பழைய நீராவி ரயில் அது. ஞாயிறுதோறும் நான்கு மைல் போய்த் திரும்பும். வேலை செய்பவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது, விருப்பப்பட்டு வருபவர்கள். வசுமதி கார்டு வேலையைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள். அவள் பச்சைக் கொடி காட்டாமல் அங்கிருந்து யாரும் கிளம்பிவிட முடியாது. மகள் மதுரா வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போய் ஆறு வருடமாகிறது.

பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, ஊர் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தோடு மதுரா பிளாட்பாரத்துக்குள் நுழைந்தாள். சீருடையில் நிற்பது அம்மா என்று தெரிந்ததும், கையில் டிக்கெட்டோடு பெட்டியின் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏறவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.

எஞ்சின் இரண்டு முறை கூவியது. டிரைவர் ஞானப்பிரகாசம் தலையை வெளியே நீட்டினார்.

“என்னம்மா கார்டு, நின்னுக்கிட்டே தூக்கமா? ஸ்டீம் வீணாப் போகுது.”

வசுமதி மகள் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போய்விடுவாள்.

“லைன்ல மாடு கீடு நிக்குதா?”

“ஒண்ணும் இல்லண்ணே” என்றாள். பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிவப்பை விரித்து உயர்த்திப் பிடித்தாள்.